ஏசி அடிக்கடி நின்று நின்று ஓடுகிறதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கடலூரில் அம்மா வீட்டு ஏசி ஒரு சித்திரை மாதம் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. போட்டதும் ஜில்லென்று காற்று வரும். நாலு நிமிடத்தில் அவுட்டோர், அதாவது வெளியே மாட்டியிருக்கும் பெட்டி, நின்றுவிடும். மூன்று நிமிடம் கழித்து ஓடும், மறுபடி நாலு நிமிடத்தில் நிற்கும். இரவு முழுக்க இப்படியே போகும், அறையில் புழுக்கமும் அடங்காது. முதலில் வந்த மெக்கானிக் "கேஸ் கம்மியா இருக்கும்மா" என்று சொல்லி, ஏசிக்குள் சுற்றும் குளிரூட்டும் வாயுவை ஏற்றிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து வந்த இன்னொருவரும் அதையே சொல்லி, இன்னொரு முறை ஏற்றினார். பணம் போனதுதான் மிச்சம்.

நான் ஊருக்குப் போயிருந்தபோது, தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்தேன். எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, நிற்கும்போது எது எது நிற்கிறது என்று எழுதிவைத்தேன். மூன்றாவதாக வந்த மெக்கானிக் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார், கேஸ் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. நேராக இண்டோர் மூடியைத் திறந்து ஓர் இடத்தில் கை வைத்தார். அது எந்த இடம் என்பதைக் கீழே அதற்குரிய பகுதியில் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஏசிக்கும் முதல் வைத்தியம் இந்த ஒரு மணி நேரக் கணக்குதான்.

முதலில், இது கோளாறுதானா?

பழைய வகை, அதாவது இன்வெர்ட்டர் அல்லாத ஏசியின் கம்ப்ரஸருக்கு (அவுட்டோருக்குள் கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) இரண்டே நிலைதான்: முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். ரிமோட்டில் வைத்த குளிர்ச்சி வந்ததும் நின்று, அறை ஒன்றிரண்டு டிகிரி சூடேறியதும் மறுபடி ஓடுவது அதன் இயல்பு. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, ஐந்தாறு நிமிடம் ஓய்வெடுத்தால் அதில் பிழை எதுவும் இல்லை. மார்கழி இரவில் அறையே 25 டிகிரிக்கு வந்துவிட்ட பிறகு 24-ல் வைத்தால் இன்னும் அடிக்கடி நிற்கும். அதுவும் சரிதான்.

இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடும். அவுட்டோர் சத்தம் அடங்கியதை வைத்தே "நின்றுவிட்டது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ரிமோட்டையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். டிரை மோடில் இருந்தால் கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும். ஸ்லீப் மோடில் நேரம் போகப்போக வெப்பநிலையை அதுவே ஏற்றிக்கொள்ளும். யாரோ எப்போதோ வைத்த டைமர் பாதி இரவில் அணைத்திருக்கலாம். 'ஐ ஃபீல்', 'ஃபாலோ மீ' என்ற வசதி இருந்தால் அறையின் சூட்டை அளப்பது ரிமோட்தான். அந்த ரிமோட் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கிடந்தால், மொத்த அறையும் குளிர்ந்துவிட்டதாக நினைத்து ஏசி நின்றுவிடும். ஆகவே மோடை கூல் என்று மாற்றி, டைமர், ஸ்லீப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 22 டிகிரி வைத்து, கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் கவனியுங்கள். மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றால் அது கோளாறு. அதை அப்படியே ஓடவிடக் கூடாது. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. அடிக்கடி கிளம்பினால் அதன் ஆயுள்தான் தேயும்.

இண்டோர் விளக்கு உட்பட எல்லாமே அணைந்துபோகிறது

அப்படியானால் கோளாறு பெரும்பாலும் ஏசிக்குள் இல்லை, அதற்கு வரும் கரண்டில் இருக்கிறது.

ஸ்டெபிலைசரின் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். வோல்டேஜ் தன்னால் தாங்கக்கூடிய அளவுக்குக் கீழே போனால் அது 'டக்' என்று துண்டித்துவிட்டு, நிலைமை சரியானதும் சில நிமிடம் காத்திருந்து மறுபடி கொடுக்கும். அந்த அளவு ஸ்டெபிலைசரின் பின்புறமோ பக்கவாட்டிலோ அச்சிட்டிருக்கும். நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். கத்திரி வெயிலில் தெரு முழுக்க ஏசி ஓடும் இரவு பத்து மணிக்கு அது எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால் லோ வோல்டேஜ் புகாரை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ல் பதிந்துவிடலாம்.

பக்கத்து வீட்டில் நன்றாக இருந்து, உங்கள் வீட்டில் மட்டும் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரிகிறது என்றால் வீட்டு வயரிங்கில் எங்கோ பிடிப்பு தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் வயர் மெலிசு. 1.5 டன் ஏசிக்குத் தனி லைன் இழுத்து 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) காப்பர் வயர் போடுவது நல்ல எலக்ட்ரீசியனின் வழக்கம். வாடகை வீடுகளில் லைட்டுக்கு இழுத்த லைனிலேயே ஏசியைச் சொருகியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதை இன்றைக்கே செய்யுங்கள்: ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு எம்சிபியை (அந்த லைனுக்கான பாதுகாப்பு ஸ்விட்சை) அணைத்துவிட்டு, பிளக்கின் மேல் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய சாக்கெட், பிளாஸ்டிக் கருகும் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் எலக்ட்ரீசியன் வந்து மாற்றும்வரை ஏசியைப் போடாதீர்கள். ஏசியால் வீட்டில் தீப்பிடித்தது என்று கேள்விப்படும் பல சம்பவங்களின் ஆரம்பம் இந்தத் தளர்ந்த பிளக்தான். எம்சிபி விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதைவிடப் பெரிய ஆம்பியர் எம்சிபியை மாட்டச் சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். வயரைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது.

அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது

பழைய வகை ஏசிகளில் இது மிகத் தெளிவான அடையாளம். கம்ப்ரஸரின் தலையில் ஓவர்லோட் என்று ஒரு சின்னப் பாதுகாப்பு இருக்கிறது. கம்ப்ரஸர் எல்லை மீறிக் கொதித்தால் அது தானாகத் துண்டித்துவிடும். ஃபேனுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதனால் ஃபேன் சுற்றும். கம்ப்ரஸர் ஆறுவதற்கு இருபது நிமிடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை இண்டோரில் வெறும் காற்று வரும்.

இங்கே எந்த வேளையில் நிற்கிறது என்பதுதான் துப்பு. பகல் இரண்டு மணிக்கு நின்று, விடியற்காலை நான்கு மணிக்கு நிற்காமல் ஓடினால், அவுட்டோரால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை என்று பொருள். பின்பக்கத் தகடுகளுக்கு நடுவே தூசி படிந்து கம்பளிபோல ஒட்டியிருக்கும். எம்சிபியை அணைத்துவிட்டு, மெல்லிய தண்ணீர்ப் பீச்சலால் கழுவலாம். தகடுகள் மடங்கும் அளவுக்கு வேகமாக அடிக்கக் கூடாது, மின்சார இணைப்புகள் இருக்கும் பக்கம் தண்ணீர் படவே கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு அலுமினியத் தகடு மாவு மாவாக உதிரும். எங்கள் கடலூர் மாடியில் விரலால் தொட்டாலே உதிர்ந்த தகடு உண்டு. அந்த நிலைக்கு வந்துவிட்டால் கழுவிப் பயனில்லை, தகடும் குழாயும் சேர்ந்த காயிலையே மாற்ற வேண்டும்.

அடுக்குமாடிகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. அவுட்டோரைக் கண்ணாடி அடைத்த பால்கனிக்குள்ளோ, குழாய்கள் இறங்கும் குறுகிய சந்திலோ வைத்துவிடுகிறார்கள். தான் ஊதிய சுடுகாற்றையே அது மறுபடி உறிஞ்சும். சோதிப்பது எளிது: பால்கனிக் கண்ணாடியை எல்லாம் திறந்துவிட்டு, முன்னால் காயும் துணியை எடுத்துவிட்டு ஒரு மத்தியானம் ஓட்டிப் பாருங்கள். நிற்பது குறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வெயில் நேரம், இரவு நேரம் என்ற வேறுபாடு இல்லாமல் எப்போதும் ஓவர்லோடில் நின்றால் சந்தேகம் கேஸ் பக்கம் போகும். கம்ப்ரஸரைக் குளிர்விப்பதே அதற்குத் திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸர் தனக்குத்தானே வெந்துபோகும்.

இதற்கு நேர்மாறாக, கம்ப்ரஸர் ஓடி ஃபேன் சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். ஃபேன் கெபாசிட்டரோ (மோட்டார் கிளம்பி ஓட உதவும் சின்ன மின் பாகம்) ஃபேன் மோட்டாரோ போயிருக்கும். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று விட்டால், சின்னச் செலவில் முடிகிற வேலை கம்ப்ரஸர் மாற்றுவதில் போய் முடியும்.

'ம்ம்ம்' என்று முனகி, சில நொடியில் 'டக்' என்று நிற்கிறது

கிளம்பவே முடியாமல் திணறுகிறது. வோல்டேஜ் சரியாக இருந்தால் பெரும்பாலும் ரன்னிங் கெபாசிட்டர். அலுமினிய டப்பா மாதிரி இருக்கும், 1.5 டன் ஏசிகளில் 35 முதல் 50 மைக்ரோஃபேரட் வரை போட்டிருப்பார்கள். மேல்மூடி வீங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது போய்விட்டது. வீங்காமலும் பலம் இழந்திருக்கலாம், அதை மீட்டரில்தான் பார்க்க வேண்டும். 50 என்று எழுதி 5 சதவீதம் கூடுதல் குறைச்சல் என்று போட்டிருந்தால் 47.5-க்குக் கீழே காட்டக் கூடாது. மாற்றும்போது அதே அளவுதான் போட வேண்டும், "கையிலே 36தான் இருக்கு, ஓடும்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இதை நீங்களே திறந்து மாற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்தான அடி வைக்கும்.

புதுக் கெபாசிட்டர் போட்டும் முனகினால் கம்ப்ரஸரே இறுகியிருக்கலாம். இன்னொருவரை அழைத்துக் கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

அவுட்டோர் முழுதாக நிற்கிறது, சரியாக மூன்று நிமிடத்தில் திரும்புகிறது

அம்மா வீட்டில் நடந்தது இதுதான். நிற்பதற்குச் சற்று முன் இண்டோருக்குள் ரிலே என்ற மின் ஸ்விட்ச் 'டக்' என்று ஒலிக்கும், பிறகு அவுட்டோரில் ஃபேன், கம்ப்ரஸர் இரண்டும் ஒன்றாக நிற்கும். மூன்று நிமிட இடைவெளி என்பது கம்ப்ரஸரில் ஏறிய அழுத்தம் சமமாவதற்காக ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டே எடுத்துக்கொள்ளும் அவகாசம். ஆக, நிறுத்தியது சூடோ வோல்டேஜோ இல்லை. "அறை குளிர்ந்துவிட்டது" என்று போர்டு நம்பி, உத்தரவு கொடுத்து நிறுத்தியிருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

ஃபில்டரைக் கழற்றினால் காயிலுக்கு முன்னால், மெல்லிய வயரின் நுனியில் மிளகு அளவில் கறுப்பாக ஒன்று தெரியும். அறையின் சூட்டை அளக்கும் சென்சார் அதுதான். காயிலைத் தொடாமல், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஏசியில் அதற்கு முந்தின மாதம் வாட்டர் சர்வீஸ் செய்தபோது கிளிப்பிலிருந்து நழுவி, காயில் தகட்டின் மேலேயே சாய்ந்து கிடந்தது. காயில் 10 டிகிரிக்கு இறங்கினால் சென்சாரும் கிட்டத்தட்ட அதையே காட்டும், போர்டு நிறுத்திவிடும். நின்றதும் காயில் சூடேறும், போர்டு மறுபடி ஓட்டும். நாலு நிமிடம், மூன்று நிமிடம் என்று நான் எழுதிவைத்திருந்தது இந்தச் சுற்றைத்தான்.

மெக்கானிக் இரண்டு விரலால் அதை எடுத்துக் கிளிப்பில் அழுத்தினார். வேலை அவ்வளவுதான். ஆனால் இரண்டு முறை ஏற்றிய கூடுதல் கேஸை வெளியே எடுத்து, அவுட்டோர் லேபிளில் போட்டிருந்த எடைக்கு ஏற்றி முடிக்க அவருக்கு அரை நாள் ஆனது.

உங்கள் ஏசியிலும் எம்சிபியை அணைத்துவிட்டு இதைப் பார்த்துவிடலாம். சென்சார் சரியான இடத்தில் இருந்தும் இதே அறிகுறி தொடர்ந்தால் அதன் அளவு மாறியிருக்கலாம், விலை குறைந்த பொருள்தான், மாற்றிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு: இண்டோருக்கு நேர் எதிரே அலமாரியோ கனத்த திரைச்சீலையோ இருந்தால், வெளியே வந்த குளிர்காற்று அதில் பட்டுத் திரும்பி நேராக ஏசிக்குள்ளேயே போய்விடும்.

காயிலில் ஐஸ் பிடிக்கிறது

ஃபில்டரைத் திறந்து காயிலில் வெள்ளையாக உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூல் மோடை அணைத்து, வெறும் ஃபேன் மோடில் ஐஸ் முழுக்க உருகும்வரை ஓடவிடுங்கள். கத்தியால் சுரண்டக் கூடாது, காயில் ஓட்டையாகிவிடும்.

பிறகு ஃபில்டரைக் கழுவி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. காற்றுப் போக வழியில்லாமல் காயில் உறைந்திருந்தால் இத்தோடு சரியாகும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று மெலிதாக வந்தால், உள்ளே உருளைபோல இருக்கும் ப்ளோயரில் அழுக்கு படிந்திருக்கும். அதற்கு சர்வீஸ் தேவை.

காற்று பலமாக வந்தும் ஐஸ் பிடித்தால் அவுட்டோருக்குப் போய்க் குழாய்களைப் பாருங்கள். மெல்லிய குழாயும் அதன் வால்வும் மட்டும் உறைந்திருந்தால் கேஸ் குறைவு என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வால்வு நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவது அந்த இடத்தில்தான்.

கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் ஏற்றினால் மறுபடி போகும். ஆகவே "ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்பவரிடம் எங்கே லீக் என்று கேளுங்கள். சோப்புநுரை வைத்துக் காட்டட்டும், நைட்ரஜன் அடித்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கட்டும், வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றை எடுத்துவிட்டு எடைபோட்டு ஏற்றட்டும். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்32 என்ற கேஸ் தீப்பற்றக்கூடியது. அந்த வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது.

சீக்கிரம் ஜில்லாகிறது, சீக்கிரம் நிற்கிறது, ஆனாலும் உடம்பு பிசுபிசுக்கிறது

நூறு சதுர அடி அறைக்கு 2 டன் ஏசி போட்டால் இப்படித்தான் இருக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்குள் அறை குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். பழுது எதுவும் இல்லை, அளவுதான் தவறு. அடுத்த அறைக் கதவைத் திறந்துவைத்து இரண்டுக்கும் சேர்த்து ஓட்டலாம். ஏசி ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்தால் ஈரம் கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

இன்வெர்ட்டர் ஏசி நிற்கிறது, விளக்கு சிமிட்டுகிறது

டிஸ்ப்ளேயில் வரும் எழுத்தையோ, எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதையோ மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு, கூடவே வந்த புத்தகத்தில் பொருள் பாருங்கள். அணைத்துப் போட்டால் அந்தக் குறி மறைந்துவிடும், அதனால் முதலில் வீடியோ. இண்டோரும் அவுட்டோரும் பேசிக்கொள்ளும் வயரை நடுவில் வெட்டி டேப் சுற்றியிருந்தால், மழை பெய்த மறுநாள் இந்தத் தொல்லை வரும். அவுட்டோர் போர்டில் பல்லி மாட்டிக்கொள்வதும் எறும்பு கூடு வைப்பதும் நம் ஊரில் சாதாரணம். போர்டை மாற்றினால் மட்டும் போதாது, அது நுழைந்த ஓட்டையையும் அடைக்கச் சொல்லுங்கள்.

போனில் என்ன சொல்வது

"ஏசி கூலிங் இல்லீங்க" என்று சொன்னால் கேஸ் சிலிண்டரோடுதான் வருவார்கள். உங்கள் தாளைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: "1.5 டன், இன்வெர்ட்டர் இல்லை. ஆறு நிமிஷம் ஓடி கம்ப்ரஸர் மட்டும் நிக்குது, அவுட்டோர் ஃபேன் நிக்கல. மறுபடி ஓட இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுது. ராத்திரியில இந்தத் தொல்லை இல்ல. ஸ்டெபிலைசர் 225 காட்டுது. ஃபில்டர் நேத்துதான் கழுவினேன். கிளாம்ப் மீட்டரும் கெபாசிட்டர் பார்க்கிற மீட்டரும் எடுத்துட்டு வாங்க."